சுகர் மாத்திரை போட்டால் குமட்டுகிறதா? கடையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். வாரத்தில் நாலைந்து பேராவது வந்து, "தம்பி, சுகர் மாத்திரை போட்டா வயித்தப் பொரட்டுது, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்று கேட்கிறார்கள். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

என் அம்மாவும் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் போட்டால் குமட்டும் என்று பயந்து, பஸ் ஏற வேண்டிய நாள், விசேஷ வீட்டுக்குப் போகிற நாள், விரத நாள் எல்லாவற்றிலும் மாத்திரையை விட்டுவிடுவார். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருக்கும். மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் 500-ஐ 1000 ஆக்குவார், குமட்டல் இன்னும் கூடும், அம்மா இன்னும் கூடுதலாக விடுவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அரிசி டிரம்முக்குப் பின்னால் பிரிக்காத நான்கு அட்டைகளைப் பார்த்த அன்றுதான் எனக்கே தெரியும். மருந்து விற்கிற மகன் வீட்டிலேயே இந்த நிலைமை என்றால் மற்ற வீடுகளில் எப்படி இருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் அளவை மாற்றச் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன செய்து பார்க்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. நம் ஊரில் சர்க்கரைக்கு முதலில் எழுதுவது மெட்ஃபார்மின். அதை ஆரம்பிக்கிறவர்களில் நான்கில் ஒருவருக்காவது வயிறு ஏதோ ஒரு விதத்தில் தகராறு செய்யும்: குமட்டல், வாயில் இரும்பைச் சுவைத்த மாதிரி ஒரு ருசி, உப்புசம், இளக்கமாகப் போவது. இந்த மருந்து ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகக் குடல் சுவரில் போய்ச் சேர்கிறது, அதனால்தான் முதல் அடி வயிற்றுக்கு விழுகிறது. குடல் பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நிறையப் பேருக்கு அதற்குள் தானாகவே அடங்கிவிடும்.

ஆனால் "பழகிவிடும், பொறுத்துக்கொள்" என்று விட்டுவிடுகிற விஷயமும் இல்லை இது. குறைக்க வழி இருக்கும்போது எதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

எப்படிக் குறைப்பது? சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா, பின்னால் போட வேண்டுமா?

மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை நடுவில். கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: இரண்டு இட்லி உள்ளே போன பிறகு மாத்திரை, அப்புறம் மூன்றாவது இட்லி. வெறும் வயிற்றில் போட்டாலும், காலை காபியோடு போட்டாலும், சாப்பிட்டு அரை மணி கழித்து ஞாபகம் வந்து போட்டாலும் குமட்டுகிறது என்பவர்கள், சாப்பாட்டுக்கு இடையில் மாற்றிய ஒரு வாரத்தில் வந்து பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது அளவு. 500 மி.கி. ஒரு வேளை, அதுவும் இரவுச் சாப்பாட்டோடு ஆரம்பித்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ பார்த்து அடுத்த வேளையைச் சேர்ப்பதுதான் வயிற்றுக்கு இதமான வழி. முதல் நாளே 1000 மி.கி. இரண்டு வேளை என்று எழுதியிருந்தால், படிப்படியாக ஏற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. ஏறிய இடத்தில் குமட்டினால் ஒரு படி இறங்கி, கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஏறுவதும் டாக்டர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

மூன்றாவது, எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் மாத்திரை. இது ஒரே அடியாகக் கரையாமல் மெதுவாக மருந்தை விடும், வயிற்றுத் தொல்லை குறைவு. உங்கள் அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் இந்த எழுத்து இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் "மெதுவாகக் கரைகிற மாத்திரையாகத் தர முடியுமா" என்று கேளுங்கள்.

எஸ்ஆர் மாத்திரை பெரிதாக இருக்கிறது, விழுங்க முடியவில்லை என்று உடைத்து, பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் நிறையவே நடக்கிறது. பொடித்தால் ஒரு நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும், குமட்டல் வராமல் என்ன செய்யும்? விழுங்க முடியவில்லை என்றால் சொல்லுங்கள், சிறிய மாத்திரையோ திரவ மருந்தோ டாக்டர் யோசிப்பார். இன்னொன்று, சில எஸ்ஆர் மாத்திரைகளின் கூடு கரையாமல் மலத்தில் அப்படியே வரும். மருந்து உடம்பில் சேரவில்லையோ என்று பயந்து இன்னொன்று போட்டுவிடாதீர்கள். மருந்து இறங்கிவிட்டது, வெளியே வந்தது வெறும் கூடு.

எனக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து மாத்திரை வருகிறது. எஸ்ஆர் எல்லாம் கேட்க முடியுமா?

கேளுங்கள், இருந்தால் தருவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நிறையப் பேருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, மிகவும் நல்ல விஷயம். அதில் ஒரு சிக்கலையும் பார்க்கிறேன். மாத்திரை கொடுக்க வருகிற அக்காவிடம் குமட்டலைப் பற்றிப் பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அவரிடம் சொன்னாலே போதும், அவர் நர்ஸிடமும் டாக்டரிடமும் கொண்டுபோவார். சாதா மாத்திரைதான் இருக்கிறது என்றாலும், சாப்பாட்டுக்கு நடுவில் போடுவதும் மெதுவாக ஏற்றுவதும் அதற்கும் வேலை செய்யும்.

என் அட்டையில் மூன்று பெயர் இருக்கிறது. எது குமட்டலைக் கொடுக்கிறது?

நம் ஊரில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வாக்ளிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் வருவது சாதாரணம். மெட்ஃபார்மின் குமட்டலுக்குக் காரணம். வாக்ளிபோஸ், அகார்போஸ் இரண்டும் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதமாக்குபவை, அதனால் வயிறு ஊதும், காற்று பிரியும், சிலருக்கு அதுவே குமட்டல் மாதிரி இருக்கும். கிளிமிபிரைடு நேராக வயிற்றைப் புரட்டுவது குறைவு, ஆனால் சர்க்கரையைத் தாழ்த்திவிட்டால் அந்தத் தாழ்சர்க்கரையில் குமட்டல் வரும்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்றவை வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வேறு கதை, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து அதைப் படிக்காமல் போகாதீர்கள்.

குமட்டி, வியர்த்து, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் குடித்தும் சரியாகவில்லை, ஏன்?

அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் குமட்டல், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி எல்லாம் சேர்ந்து வரும். பொதுவான வழி 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்ப்பது. ஆனால் வாக்ளிபோஸோ அகார்போஸோ போடுகிறவர்களுக்கு வீட்டில் இருக்கிற வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், மிட்டாய் உடனே வேலை செய்யாது. அவற்றைக் குடலில் உடைப்பதைத்தான் அந்த மருந்து தடுக்கிறதே. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும், மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து. மூன்று மருந்து கலந்த மாத்திரை வாங்குகிற யாரிடமும் நான் குளுக்கோஸ் பாக்கெட் வீட்டில் இருக்கிறதா என்று கேட்காமல் விடுவதில்லை. மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏழெட்டு வருடமாக அதே மாத்திரை, ஒன்றும் செய்ததில்லை. இப்போது திடீரென்று குமட்டல். மாத்திரை பழகிவிட்டதா?

இந்தக் கேள்வி வந்தால் நான் கேஸ் மாத்திரை கொடுப்பதில்லை. வருடக்கணக்கில் ஒழுங்காகப் போன மாத்திரை திடீரென்று குமட்டுகிறது என்றால் மாறியது மாத்திரையாக இருக்காது, உடம்பு மாறியிருக்கும்.

முதலில் சிறுநீரகம். மெட்ஃபார்மின் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீரகம் சோர்ந்தால் அது உடம்பில் தங்கும், சிறுநீரகம் கெடுவதாலேயே தனியாகவும் குமட்டல் வரும். சிறுநீரகம் வடிகட்டும் திறனை ஈஜிஎஃப்ஆர் என்று ரிப்போர்ட்டில் போடுவார்கள். அது 45-க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை நிறுத்திவிடுவார்கள். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். சுகர் மாத்திரைக்கு டாக்டரிடம் போவீர்கள், வலி மாத்திரைக்கு நேராகக் கடைக்கு வருவீர்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது அந்த இரண்டாவது மாத்திரையாக இருக்கும்.

இரண்டாவது, இரைப்பை மந்தம். பல வருடம் சர்க்கரை ஏறியே இருந்தால் இரைப்பையை இயக்குகிற நரம்பு பழுதாகிவிடும். மதியம் சாப்பிட்டது ராத்திரி வரைக்கும் வயிற்றில் கல் மாதிரி இருக்கும், நாலு வாயிலேயே நிறைந்துவிடும், வாந்தியில் காலையில் தின்றது வரும். சர்க்கரையும் தாறுமாறாக ஆடும்: இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட உடனே தாழ்ந்து, ஐந்து மணி நேரம் கழித்து ஏறி நிற்கும். இவர்களுக்கு வழக்கமான சர்க்கரை உணவு ஆலோசனை எதிராகப் போகும். நார்ச்சத்து நல்லது என்று கேட்டு பச்சைக் காய்கறி, சுண்டல், தண்டுக்கீரை என்று அள்ளிச் சாப்பிட்டால் வயிறு இன்னும் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, குழைந்ததாக, எண்ணெய் குறைவாகச் சாப்பிடுவதுதான் இவர்களுக்குச் சரி. இதை நீங்களாக முடிவு செய்யாமல் வயிற்று டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள்.

மூன்றாவதாக வருவது மாரடைப்பு, அதைக் கடைசிக்கு முன்னால் சொல்கிறேன்.

வாரம் ஒரு முறை போடும் ஊசி ஆரம்பித்திருக்கிறேன். போட்ட மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

செமாக்ளூடைடு, டிர்செபடைடு, துலாக்ளூடைடு எல்லாம் இந்த வகை. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ (டிர்செபடைடின் கம்பெனிப் பெயர்) இந்தியாவுக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கேட்பவர்கள் என் கடையிலேயே பல மடங்கு கூடிவிட்டார்கள். இந்த மருந்து இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது, மூளையில் பசியையும் குமட்டலையும் ஆளுகிற இடங்களிலும் வேலை செய்கிறது. பசி குறைவதும் குமட்டுவதும் ஒரே வாசல் வழியாக வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் செமாக்ளூடைடு ஊசி 1 மி.கி. போட்டவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கும், டிர்செபடைடு 5 மி.கி.யில் 12 பேருக்கும், 15 மி.கி.யில் 18 பேருக்கும் குமட்டல் வந்தது. அளவு ஏறும்போது அதிகம், அதே அளவில் சில வாரம் நின்றால் குறையும்.

அதனால்தான் செமாக்ளூடைடை 0.25 மி.கி.யில் நான்கு வாரம், டிர்செபடைடை 2.5 மி.கி.யில் நான்கு வாரம் என்று தொடங்குகிறார்கள். அந்த முதல் அளவு சர்க்கரையைக் குறைப்பதற்கு இல்லை, வயிற்றைப் பழக்குவதற்கு. ஒரு மாதம் ஆகிவிட்டது, எனவே ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குமட்டல் அடங்காமல் அடுத்த படி ஏறாதீர்கள், இன்னும் ஒரு மாதம் இதே அளவில் இருக்கலாமா என்று கேளுங்கள். சீக்கிரம் எடை குறைய வேண்டும் என்று தானாக அளவைக் கூட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மூன்று நாள் தண்ணீர்கூட நிற்காமல் ட்ரிப்ஸில் கிடந்தார். செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் போட்டால் போட்டதுதான், பாதியாகக் குறைவதற்கே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். வாந்தி வந்தால் நாளைக்கு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது.

சாப்பாட்டு விஷயத்தில், பசி இருந்த காலத்து அளவைத் தட்டில் போடாதீர்கள். வழக்கமாக நான்கு இட்லி என்றால் இரண்டோடு நிறுத்திப் பாருங்கள். வயிறு நிறைகிறது என்ற முதல் குறி தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள், இலையில் மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்த நமக்கு இது கஷ்டம்தான், ஆனால் அந்தக் கடைசி நாலு கவளம்தான் ராத்திரி வாந்தியாக வருகிறது. ஊசி போட்ட நாளும் அடுத்த இரண்டு நாளும் பிரியாணி, பரோட்டா சால்னா, வடை, நெய் ஒழுகும் பொங்கல் வேண்டாம். கொழுப்பு ஏற்கெனவே மெதுவாகத்தான் இறங்கும், மருந்து அதை இன்னும் மெதுவாக்கும். ரசம் சாதம், இடியாப்பம், நீர் மோர், அவித்த முட்டை, வெந்த பாசிப்பருப்பு இதெல்லாம் பெரும்பாலும் தங்கும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சொம்பு சொம்பாகக் குடிக்காமல் இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், ஆனால் குடியுங்கள். சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். கல்யாண வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்றால் ஊசி நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், உரிய இடைவெளி விட்டு மாற்றித் தருவார்கள்.

ஏற்கெனவே இரைப்பை மந்தம் இருப்பவர்களுக்கு இந்த ஊசி பொதுவாக ஏற்றதில்லை. கணையத்தில் முன்பு வீக்கம் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜிம்மிலோ அழகு நிலையத்திலோ யாரோ கொடுத்தார்கள் என்று மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

ஊசிக்குப் பதில் மாத்திரையாக வருகிறதே, ரைபெல்சஸ். அதிலும் குமட்டுமா?

குமட்டும், உள்ளே இருப்பது அதே செமாக்ளூடைடுதான். 3 மி.கி.யில் ஒரு மாதம் தொடங்கி ஏற்றுவார்கள். மெட்ஃபார்மினுக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இதற்கு: காலை எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீர், அதாவது 120 மி.லி.க்கு மேல் போகாமல், அதற்குப் பிறகு அரை மணி நேரம் காபி உட்பட எதுவும் கூடாது. குமட்டுகிறதே என்று இதையும் சாப்பாட்டோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது, விலையோ அதிகம். இரண்டு மாத்திரையும் போடுகிறவர்கள் குழப்பிக்கொள்ளாமல் அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரு கேஸ் கேப்சூல் போட்டுச் சமாளிக்கிறேன். பரவாயில்லையா?

நாம் கேஸ் கேப்சூல் என்று சொல்வதில் பெரும்பாலும் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கும். டோம்பெரிடோன் குமட்டலை நிறுத்தும், உண்மைதான். ஆனால் அது சில நாளைக்கான மருந்து. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் ஒரு வேளைக்கு 10 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்று வரம்பு வைத்தது, காரணம் இதயத் துடிப்பின் தாளத்தை அது குலைக்கக்கூடும். அறுபது தாண்டியவர்களுக்கும் இதய நோய் இருப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். நம் கடைகளில் கிடைக்கும் கேப்சூல் பலவற்றில் ஒன்றிலேயே 30 மி.கி. இருக்கிறது, அதை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மெட்டோகுளோபிரமைடு என்ற இன்னொரு குமட்டல் மாத்திரையும் சில நாளைக்குத்தான், ஐந்து நாளைத் தாண்டக்கூடாது. நாள்பட எடுத்தால் கை நடுக்கமும் வாய், நாக்கு தானாக அசைவதும் வந்து சிலருக்கு நிற்காமலேயே போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் குமட்டல் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் சரிசெய்ய வேண்டியது சுகர் மாத்திரையைத்தான்.

இஞ்சி, எலுமிச்சை, சுக்குக் காபி?

இஞ்சிக்குக் குமட்டலைக் குறைக்கும் தன்மை ஓரளவு உண்டு. ஒரு சிறு துண்டு தட்டிப் போட்ட வெந்நீர், இஞ்சி சேர்த்த மோர் நல்லது. கருப்பட்டி போட்ட சுக்குக் காபி, இஞ்சி மரப்பா, தேனில் ஊறிய இஞ்சி எல்லாம் சர்க்கரைதான், கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாலே சிலருக்கு ஆறுதலாக இருக்கும். தாளிக்கிற வாசனை புரட்டினால் சமைக்கும்போது வேறு அறையில் இருங்கள், ஆறிய சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், சூடு குறைந்தால் வாசனையும் குறையும்.

மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் வாந்தி. மறுபடி போடலாமா?

போடாதீர்கள், அதுவும் கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையாக இருந்தால் கண்டிப்பாகப் போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, சாப்பாடும் வெளியே வந்துவிட்டது, இரண்டு மடங்கு மருந்து சேர்ந்தால் சர்க்கரை கீழே போய்விடும். சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள், அடுத்த வேளைக்கு வழக்கம்போல் போடுங்கள்.

காய்ச்சல், வாந்தி, இரண்டு நாளாகச் சாப்பாடே இல்லை. எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மினைத் தொடர்கிறார்கள்.

தொடர்ந்து வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்து உடம்பில் நீர் வற்றுகிறது என்றால் மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதுதான் வழக்கம். நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி தொடங்குவார்கள். சாப்பாடே இல்லாமல் கிளிமிபிரைடு போட்டால் தாழ்சர்க்கரை வரும், அதையும் அன்றே டாக்டரிடம் கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகளையும் நீர் பிரியும் மாத்திரையையும் அந்த நாட்களில் நிறுத்த வேண்டியிருக்கும். இன்சுலின் போடுகிறவர்கள், குறிப்பாக முதல் வகை (டைப் 1) சர்க்கரை உள்ளவர்கள், நீண்டநேர இன்சுலினை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து, அளவைக் கேட்டுக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை இருக்கிறதே என்று பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், ஒரு டம்ளருக்கு மூன்று கிராம்கூட வராது. நீர் வற்றுவதுதான் பெரிய ஆபத்து, வாய் வாயாகக் குடியுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் மொத்தப் பொடியையும் கலக்க வேண்டும். கடையில் டெட்ரா பெட்டியில் பழச்சுவையோடு வருவதை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்காதீர்கள், அவற்றில் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பெயரை அவற்றில் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீரில் கை வைக்குமுன் டாக்டரைக் கேளுங்கள், அதில் பொட்டாசியம் அதிகம்.

சர்க்கரை 180தான் காட்டுகிறது. ஆனாலும் வாந்தி, மூச்சு வாங்குகிறது. பயப்பட வேண்டுமா?

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் இதில் எதையாவது போடுகிறவர் என்றால் உடனே கிளம்புங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. உடம்பில் கீட்டோன் அமிலம் ஏறுகிற ஆபத்தான நிலை வழக்கமாகச் சர்க்கரை 300, 400 என்று இருக்கும்போது வரும், இந்த மருந்து போடுகிறவர்களுக்கு மட்டும் 250-க்குக் கீழே இருக்கும்போதே வரலாம். மீட்டரைப் பார்த்து "சுகர் நார்மல்தான், வயிற்றுக் கோளாறு" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, ஒரே அசதி இதெல்லாம் அறிகுறி. விரதம், சாதத்தை அடியோடு நிறுத்தும் டயட், மது, காய்ச்சல், ஆபரேஷன் இவைதான் பெரும்பாலும் கிளப்பிவிடும். ஆஸ்பத்திரியில் போனதும் மருந்தின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால் இந்த மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வார ஊசி போடுகிறவர்களும் மயக்க மருந்து டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், பட்டினி இருந்தாலும் இரைப்பையில் சாப்பாடு மிச்சம் இருக்கும்.

வேறு எப்போது ராத்திரி என்றும் பார்க்காமல் ஓட வேண்டும்?

சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலேயே வரலாம், நரம்பு மரத்திருப்பதால். திடீர்க் குமட்டல், குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடது தோளிலோ மேல் வயிற்றிலோ ஓர் அழுத்தம், காரணமில்லாத மூச்சுத் திணறல் என்றால் சோடா குடித்துப் பார்க்கிற நேரம் இல்லை அது. ஈசிஜி எடுக்கிற இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கு இப்படி வருவது இன்னும் அதிகம், அவர்கள்தான் கேஸ் என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறார்கள்.

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகிற கடும் வலியோடு வாந்தி என்றால் கணைய வீக்கமாக இருக்கலாம், ஊசியை நிறுத்திவிட்டு உடனே போங்கள். வாந்தியில் ரத்தம், காபித்தூள் மாதிரி நிறம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, தண்ணீர்கூட நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது இவற்றில் எதற்கும் காத்திருக்காதீர்கள்.

டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித் தருவாரா? இரண்டு நிமிடம்தான் பார்க்கிறார், திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.

அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். எந்த மாத்திரை, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, போட்டு எவ்வளவு நேரத்தில் குமட்டுகிறது, எத்தனை நாளாக, வாந்தியா வெறும் புரட்டலா. அப்புறம் மிக முக்கியமான ஒரு வரி: "வாரத்தில் இத்தனை நாள் நான் மாத்திரை போடவில்லை." திட்டினால் திட்டட்டும், அந்த வரி இல்லாமல் அவர் உங்கள் ரிப்போர்ட்டை வைத்து எழுதுவதெல்லாம் தவறான கணக்காகிவிடும். மாற்று இல்லாத நிலைமை இப்போது இல்லை. அளவைக் குறைக்கலாம், எஸ்ஆர் ஆக்கலாம், வயிற்றைத் தொடாத வேறு வகை சேர்க்கலாம், இன்சுலினும் இருக்கிறது.

அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்த அந்த நான்கு அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் வைத்தேன். அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் திட்டவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஆயிரம் எழுதியே இருக்க மாட்டேனேம்மா" என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் 500 எஸ்ஆர் ஒன்று, காலையில் சிட்டாகிளிப்டின் ஒன்று என்று மாற்றி எழுதினார். போன மாதம் அம்மா பழனிக்குப் பஸ்ஸில் போய்வந்தார், மாத்திரை டப்பா மடியில் இருந்தது.